பூரணத்தின் காது

எங்கள் வீட்டு நாய்க்கு இரண்டு பெயர். சென்னையில் ப்ரூனோ. காஞ்சிபுரத்தில் பூரணம்.

முதல் பெயர் என் மகள் வைத்தது. இரண்டாவது, 'ப்ரூ' வாயில் நுழையாத என் அப்பா வைத்தது. நிறமும் ஒத்துப்போனதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. வெல்லமும் கடலைப்பருப்பும் சேர்த்துக் கிளறிய கொழுக்கட்டைப் பூரணத்தின் அதே பழுப்பு. "ஆம்பளை நாய்க்குப் பொம்பளைப் பேரா?" என்று பிள்ளையார்பாளையத்துப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டபோது அப்பா சொன்ன பதில்: "அதுக்கு என்னா தெரியும்? கூப்பிட்டா வருதில்ல?"

அது எங்கள் வீட்டுக்கு வந்த கதை, பெரும்பாலான மிடில் கிளாஸ் வீடுகளில் நாய் வந்து சேரும் அதே கதைதான். மகளுக்குப் பத்தாவது பிறந்தநாள். அதற்கு முன் ஒரு வருட நச்சரிப்பு. 'பரீட்சை முடியட்டும்', 'மழை விடட்டும்' என்று நான் வாங்கிய வாய்தாக்கள் எல்லாம் தீர்ந்துபோய், ஒரு ஞாயிற்றுக்கிழமை புறநகரில் நாய்க்குட்டி விற்கும் ஒருவர் வீட்டு வாசலில் நின்றோம்.

"அப்பா காக்கர் ஸ்பேனியல், அம்மா பொமரேனியன். ஸ்பேனியலோட பாசம், பொமரேனியனோட சைஸ். சுத்த ஜாதின்னா ஆயிரம் வியாதி வரும் சார். கிராஸுக்கு ஒண்ணும் வராது. ரெண்டுலயும் இருக்கிற நல்லதெல்லாம் இதுல இருக்கு" என்றார் அவர்.

நான் பி.காம். இரண்டு கம்பெனிகளை இணைத்தால் லாபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நஷ்டத்தை வாசலிலேயே விட்டுவிட முடியாது, சொத்தோடு கடனும் சேர்ந்துதான் புதுக் கணக்கில் ஏறும் என்று மாங்கு மாங்கென்று படித்துப் பாஸ் செய்தவன். அந்தப் படிப்பு அன்றைக்கு எங்கே போனது என்று தெரியவில்லை. குட்டி என் ஷூ கயிற்றைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பர்ஸைத் திறந்துவிட்டேன்.

"என்ன வயசு?" என்று கேட்டேன்.

"முப்பத்தஞ்சு நாள் சார். பால் மறந்தாச்சு."

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2017-லேயே விதி போட்டிருக்கிறது. அது எனக்கு அப்போது தெரியாது. பத்திரிகைக்காரன் என்று பெயர்தான்! தாயோடும் கூடப் பிறந்ததுகளோடும் கட்டிப் புரண்டு விளையாடும் அந்த வாரங்களில்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தவருக்கு வலிக்கும் என்கிற பாடத்தைக் குட்டிகள் படிக்கின்றனவாம். எங்கள் ஆள் அந்த வகுப்புக்கே போகாமல் நேராக எங்கள் ஃபிளாட்டுக்கு வந்துவிட்டது.

வளர வளர விஷயம் புரிந்தது. உடம்பு பொமரேனியனை விடக் கொஞ்சம் பெரியது, ஒன்பது கிலோ. காது அசல் ஸ்பேனியல். கன்னத்தைத் தாண்டித் தொங்கும், தண்ணீர் குடிக்கும்போது கிண்ணத்தில் நனையும். குரல் அசல் பொமரேனியன். லிஃப்ட் கதவு திறந்தால் ஒரு கச்சேரி, கூரியர் பையன் வந்தால் இன்னொரு கச்சேரி.

ஸ்பேனியல் என்பது வேட்டைக்காரர்களுக்காக இங்கிலாந்தில் வளர்த்தெடுத்த நாய். புதருக்குள் மூக்கை விட்டு மோப்பம் பிடித்து, பதுங்கியிருக்கும் பறவையைக் கிளப்பிவிடுவது அதன் உத்தியோகம். 'உட்காக்' என்கிற பறவையைக் கிளப்பியதால்தான் அதற்குக் காக்கர் என்றே பெயர். நாள் முழுக்க எஜமானின் காலடியில் நின்று, அவர் முகத்தைப் பார்த்து வேலை செய்ய வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனம். அதைக் காலை ஒன்பது மணிக்குப் பூட்டிவிட்டு, கணவன் ஒரு ஆபீஸ், மனைவி ஒரு ஆபீஸ், பிள்ளை ஸ்கூல் என்று கிளம்பினால் என்ன ஆகும்? அழுதது. சோபாவைப் பிய்த்தது. மாடியில் இருந்த ஒரு பெரியவர் அசோசியேஷனுக்குப் புகார் எழுதினார். எழுதியதில் தப்பே இல்லை.

பிறகு ஒரு நாள் அது நடந்தது.

பள்ளிவிட்டு வந்த மகள், வழக்கம்போல் அதன் தலையைக் கட்டிப்பிடித்துக் காதோரம் முத்தம் கொடுக்கப் போனாள். 'உர்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி அவள் மணிக்கட்டில் பல் பட்டுவிட்டது. பெரிய காயமில்லை. இரண்டு கீறல், ஒரு சொட்டு ரத்தம். ஆனால் அவள் முகத்தில் இருந்த அதிர்ச்சியை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வலித்ததற்காக அவள் அழவில்லை. 'என்னைப் போய்க் கடிச்சிடுச்சே' என்றுதான் அழுதாள்.

குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவினோம். வீட்டு நாய், தடுப்பூசி போட்ட நாய் என்றெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் டாக்டரிடம் காட்டி, அவர் சொன்ன ஊசிகளைப் போட்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வெறிநோய் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் பிறகு அநேகமாக யாரையும் காப்பாற்ற முடியாது. வராமல் தடுப்பது ஒன்றுதான் வழி. மஞ்சள், சுண்ணாம்பு எல்லாம் வேலைக்கு ஆகாது.

அன்று ராத்திரி என் மனைவி சொன்னாள்: "இனிமே இது இந்த வீட்ல வேணாம்."

மறுப்பதற்கு என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. விற்றவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. தெரிந்தவர்களிடம் கேட்டேன். கடிக்கிற நாயை யார் வாங்கிக்கொள்வார்கள்? கடைசியில் எனக்குத் தோன்றிய ஒரே இடம், காஞ்சிபுரத்தில் அப்பா தனியாக இருக்கும் வீடு. 'ஒரு மாசம் வெச்சிக்கப்பா, அதுக்குள்ள ஏற்பாடு பண்ணிடறேன்' என்று சொல்லி, மறுநாளே காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். 75 கிலோமீட்டர். வழி முழுக்க அது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறிக்கொண்டே வந்தது. கார் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

அப்பா நாற்பது வருஷத்துக்கு மேல் பட்டு நெய்தவர். அம்மா இறந்த மறு வருஷம் கண் மங்க ஆரம்பித்தது, தறியைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். தறிக்குழியைக் கடப்பைக் கல் போட்டு மூடினோம். அந்தக் கல்லின் மேல்தான் அவருடைய ஈசிசேர். உள்ளே நுழைந்த நாய் வீடு முழுவதும் முகர்ந்துவிட்டு, நேராக அந்தக் கல்லின்மேல் போய் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொண்டது. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். "பார்றா, வந்ததும் தறிக்குழியைக் கண்டுபிடிச்சிடுச்சு" என்றார் அப்பா.

கடித்த கதையைச் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். நாயைக் கூப்பிடவில்லை, தொடவும் இல்லை. கையைத் தரையில் விரித்துவைத்துக்கொண்டு சும்மா இருந்தார். கால் மணி நேரம் கழித்து அதுவே எழுந்து வந்து கையை முகர்ந்தது. முதுகைத் தடவினார், கழுத்தைத் தடவினார். பிறகு மெதுவாக இரண்டு காதின் அடியிலும் இரண்டு கட்டைவிரலை வைத்தார்.

பாவில் ஒரு இழை அறுந்தால், அப்பா கண்ணால் தேடிப் பார்த்து நான் பார்த்ததில்லை. கட்டைவிரலை ஓட்டுவார். 'இங்க' என்பார். அங்கேதான் அறுந்திருக்கும்.

"இங்க" என்றார். "வலது காது கொதிக்குது. இடது காது சில்லுனு இருக்கு. கிட்ட வந்து மோந்து பாரு."

முகர்ந்தேன். புளித்துப்போன மாவு வாசனை.

"நாய் கடிக்கலப்பா. வலிக்குதுன்னு சொல்லியிருக்கு. அதுக்கு வேற எப்படிச் சொல்லத் தெரியும்?"

கால்நடை டாக்டர் விளக்கு வைத்துக் காதுக்குள் பார்த்தார். கறுப்பாக அழுக்கு, வீக்கம், போதாக்குறைக்கு மடிப்புக்குள் இரண்டு உண்ணிகள். மாதக்கணக்கில் இருந்திருக்கும் என்றார். ஒரு தாளில் படம் போட்டும் காட்டினார். நாயின் காதுக்குழாய் நமக்கு இருப்பதுபோல் கிட்டத்தட்ட நேராகப் போவதில்லை. முதலில் கீழே இறங்கி, பிறகு உள்பக்கமாக மடங்கி, கிட்டத்தட்ட 'ட' எழுத்து மாதிரி திரும்புகிறது. உள்ளே போன தண்ணீர் தானாக வெளியே வராது. நிமிர்ந்த காதுள்ள நாய்க்காவது காற்று போய் ஈரம் காயும். ஸ்பேனியலின் தொங்கு காது, பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி. உள்ளே முடி வேறு. நம் ஊர் புழுக்கத்துக்குக் கேட்கவே வேண்டாம், கிருமியும் பூஞ்சையும் குடித்தனம் நடத்தும். வாராவாரம் ஆசை ஆசையாக ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டினோமே, ஒரு தடவையாவது காதைத் தூக்கித் துடைத்திருப்போமா?

"பட்ஸ் போட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். போட்டிருந்தோம். "அது அழுக்கை எடுக்காது, உள்ளே தள்ளும். தேங்காய் எண்ணெயும் ஊத்தாதீங்க. செவிப்பறை நல்லா இருக்கான்னு பார்க்காம எந்தச் சொட்டு மருந்தும் விடக்கூடாது" என்றார். திடீரென்று சுபாவம் மாறிக் கடிக்க வருகிற நாயை முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும், தண்டனை எல்லாம் அப்புறம் என்றும் சொன்னார். பல்வலி, காதுவலி, மூட்டுவலி எதுவாகவும் இருக்கலாம்.

திரும்பி வரும்போது, கிராஸுக்கு வியாதியே வராது என்று விற்றவர் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா சிரித்தார்.

"புடவைன்னா உடம்பு இந்தக் கலர், கரை இந்தக் கலர், முந்தி இந்தக் கலர்னு முன்னாடியே நாம முடிவு பண்றோம். உடம்பு ஒரு கலரு, கரை ஒரு கலருன்னா கோர்வை போடணும். ரெண்டும் எங்க சேருதுன்னு எனக்குத் தெரியும். இதுக்கு யாருப்பா டிசைன் போட்டது?"

அப்பாவுக்கு வாலி கான்ரனைத் தெரியாது. எனக்கே பிற்பாடுதான் தெரியும். 1989-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கித் தரும் அமைப்பில் வேலை பார்த்தவர் அவர். ஹவாயிலிருந்து பார்வையற்ற பெண் ஒருவர் நாய் கேட்டார். அவர் கணவருக்கோ நாய் முடி ஒத்துக்கொள்ளாது. கான்ரன், லாப்ரடாரையும் அதிகம் முடி கொட்டாத பூடுலையும் சேர்த்தார். பிறந்தது மூன்று குட்டிகள். ஒரே தாய், ஒரே தகப்பன். முடியும் எச்சிலும் அனுப்பிச் சோதித்ததில் ஒரே ஒரு குட்டிதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. மற்ற இரண்டும் இல்லை. உலகம் தேறிய ஒன்றை மட்டும் பார்த்தது. ஆளாளுக்குக் கலப்பு நாய் விற்க ஆரம்பித்தார்கள். இதைத் தொடங்கி வைத்ததற்காக வருத்தப்படுவதாகக் கான்ரனே பிற்காலத்தில் பேட்டிகளில் சொன்னார்.

கலப்பு என்பது கெட்டதல்ல. நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து வளர்த்த ஜாதி நாய்களுக்கு வரும் சில பரம்பரைக் கோளாறுகள் கலப்பில் குறையலாம். ஆனால் எது அப்பன் வழியில் வரும், எது ஆத்தா வழியில் வரும் என்று யாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. ஆகவே 'இந்த ரகம் இப்படித்தான்' என்று புத்தகத்தைப் பார்த்து வளர்ப்பதில் பிரயோஜனமில்லை. எதிரே நிற்கிற நாயைப் பார்த்துத்தான் வளர்க்க வேண்டும்.

அப்பா அப்படித்தான் வளர்த்தார். ஒரு மாசம் என்று விட்ட நாய், மூன்று மாசம் ஆகியும் அங்கேயே இருந்தது. நான் ஏற்பாடு எதுவும் செய்யவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஒன்றுவிட்டு ஒரு நாள் சீப்பு. ஸ்பேனியல் முடி மெலிசு, பட்டு மாதிரி. விட்டால் காதின் பின்னாலும் கக்கத்திலும் சிக்கிச் சடையாகிவிடும். "சிக்கு எடுக்கிறதை எனக்கு நீ சொல்லித் தர்றியா?" என்றார். நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே போக வேண்டும், வேரிலிருந்து இழுத்தால் வலிக்கும். சீவும்போதே விரலிடுக்கு, கழுத்து, காதுமடல் எல்லாம் உண்ணித் தேடல். சின்னப் பூச்சிதானே என்று விடக்கூடாது. உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் சாப்பாட்டைத் தொடாமல் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

வாக்கிங் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். தரையில் புறங்கையை வைத்துப் பார்த்து, தன்னால் தாங்க முடியாவிட்டால் அப்பா அதை வெளியே கூட்டிப் போவதில்லை. டாக்டர் சொன்னபடி கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை. பொமரேனியன் வழிச் சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழாய் பலவீனமாக இருக்கலாம், கழுத்தைப் பிடித்து இழுக்கக்கூடாது. இழுக்க வேண்டிய அவசியமும் அப்பாவுக்கு இல்லை. ஒரு கம்பத்தை முகர ஐந்து நிமிஷம் ஆனாலும் பக்கத்தில் நிற்பார். "அது பேப்பர் படிக்குதுப்பா" என்பார். அதன் பாட்டன் பூட்டன் பார்த்த உத்தியோகமே அதுதானே?

அப்பாவும் தப்புச் செய்தார். ஒரு தடவை நான் போனபோது, காஞ்சிபுரம் இட்லியைப் பிட்டுப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். மிளகும் இஞ்சியும் நெய்யுமாக! ஸ்பேனியலின் கண்ணைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல யாராலும் முடியாது, அதனால்தான் அந்த இனம் சீக்கிரம் குண்டாகிறது. எடை ஏறினால் மூட்டு, இதயம் எல்லாம் கெடும். நான் ஒரு பட்டியலே எழுதிச் சுவரில் ஒட்டினேன். சாக்லேட், வெங்காயம், திராட்சை ஆகவே ஆகாது. பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சையும் சேர்த்தி, அது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். காய்ச்சலென்று நம் மாத்திரையை உடைத்துக் கொடுக்கக்கூடாது. தீபாவளிக்கு முன்னால் கதவை அடைத்து ஒரு மூலை ஒதுக்கித் தர வேண்டும், நமக்குக் கேட்காத சத்தமே அதற்குக் கேட்கும். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டு, "தீபாவளிக்கு எனக்கும் ஒரு மூலை குடுங்க" என்றார்.

மகள் முதலில் வரமாட்டேன் என்றாள். பிறகு வந்தாள், வாசலிலேயே நின்றாள். அப்பா அவளைத் தரையில் உட்கார வைத்து, கையை விரித்து வைக்கச் சொன்னார். "நீ போய் அதைத் தொடாத. அது வந்து உன்னைத் தொடட்டும்." வந்தது. முகர்ந்தது. கீறல் இருந்த மணிக்கட்டை நக்கியது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

அதற்குமுன் நான் காஞ்சிபுரம் போவது தீபாவளி, பொங்கல், அம்மா திதி. வருஷத்துக்கு மூன்று முறை. இப்போது ஞாயிறு தவறாமல் போகிறேன். காது சுத்தம் செய்வது ஞாயிற்றுக்கிழமை என்று அப்பா நாள் குறித்திருக்கிறார்.

முதல் சில வாரங்கள் அவர் செய்தார், நான் பார்த்தேன். டாக்டர் கொடுத்த திரவத்தைக் காதில் விட்டு, அடிப்பக்கத்தை மெதுவாகப் பிசைந்து, நாய் தலையை உதறவிட்டு, வெளியே வந்த அழுக்கைப் பஞ்சால் துடைக்க வேண்டும். விரல் போகிற ஆழம் வரைக்கும்தான். பிறகு ஒரு நாள் பஞ்சை என் கையில் கொடுத்தார்.

"நீதான் நல்லாப் பண்றியேப்பா" என்றேன்.

"இதுக்கு என்ன வயசு?"

"மூணு."

"இன்னும் ஒரு பத்து வருஷம் இருக்கும்னு டாக்டர் சொன்னாரில்ல?"

"ஆமா."

"எனக்கு எழுபத்தஞ்சு."

கணக்குப் படித்தவன் நான். கழித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அப்பா நாயின் தலையைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் அணைத்துப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒன்பது பத்து வயசில், கோர்வைப் புடவை தறியில் இருந்தால், லீவு நாளில் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளிவிடுவது என் வேலை. வேகமாகத் தள்ளினால் இழை அறுந்துவிடும். திட்டமாட்டார். ஒரே வாக்கியம்தான் சொல்வார்.

வலது காதைத் தூக்கினேன். என் கை நடுங்கியது.

"அழுத்தாதே" என்றார் அப்பா. "தானாப் போவணும்."

அதே வாக்கியம். அதே தறிக்குழியின் மேல்.

பூரணம் அசையவில்லை. வெளியே வந்த பஞ்சைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. கிளம்பும்போது காரின் கண்ணாடிக்குள் குனிந்து அப்பா சொன்னார்: "அடுத்த ஞாயிறு லேட் பண்ணாதே. வெயில் ஏறிட்டா அது காதைக் காட்டாது."